லாக்-மெகான்டிக் ரயில் விபத்து: 47 பேரைப் பறிகொடுத்த ஊர் விடுதலைத் தீர்ப்பை ஏன் ஏற்றுக்கொண்டது?

2018 ஜனவரி 19 அன்று கனடாவின் ஷெர்புரூக் நகர நீதிமன்றத்தில் மூன்று ரயில்வே ஊழியர்கள் விடுதலை செய்யப்பட்டார்கள். ஒருவர் ரயில் ஓட்டுநர், ஒருவர் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், மூன்றாமவர் இயக்க மேலாளர். கச்சா எண்ணெய் ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று 2013 ஜூலை 6 அன்று கியூபெக் மாகாணத்தின் லாக்-மெகான்டிக் என்ற சிற்றூரின் நடுவே தடம்புரண்டு எரிந்தது. அதில் 47 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் போதிய கை பிரேக் போடவில்லை என்பதை அவருடைய வழக்கறிஞர்களே மறுக்கவில்லை. இருந்தும், பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழுவான ஜூரி விடுவித்தது. வெளியூர்க்காரர்களை அதைவிட வியக்க வைத்தது ஊரின் எதிர்வினை. பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் இழந்தவர்களில் பலர், கூண்டில் நிற்க வேண்டியவர்கள் இவர்கள் அல்லர் என்றே தொடக்கம் முதல் சொல்லிவந்தார்கள்.

இதைப் பெருந்தன்மை என்றோ களைப்பு என்றோ எடுத்துக்கொண்டால் பிழையாகிவிடும். ஊர் மக்களின் கோபம் போன திசை, விபத்தின் இயந்திரக் காரணங்களோடு மிகத் துல்லியமாகப் பொருந்துகிறது. அது தெரிய வேண்டுமானால், நின்றுகொண்டிருக்கும் ஒரு சரக்கு ரயிலை எது பிடித்து வைக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ரயில், சரக்கு, பாதை

ரயிலை ஓட்டியது மான்ட்ரியல், மெய்ன் அண்ட் அட்லான்டிக் ரயில்வே. சுருக்கமாக எம்.எம்.ஏ. திவாலான ஒரு பழைய ரயில்வேயின் பாதைகளை வாங்கி 2003-இல் தொடங்கிய சிறிய நிறுவனம் அது. சரக்கு அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் உள்ள பாக்கன் எண்ணெய் வயலில் எடுக்கப்பட்ட கச்சா எண்ணெய். அதைக் கனடாவின் கிழக்குக் கரையில், செயின்ட் ஜான் நகரில் உள்ள சுத்திகரிப்பு ஆலைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். மான்ட்ரியல் வரை கனடியன் பசிபிக் ரயில்வே இழுத்து வந்து எம்.எம்.ஏ. கையில் ஒப்படைத்தது.

ரயிலில் 5 இன்ஜின்கள், 72 டேங்கர் வேகன்கள், இன்ஜினுக்கும் டேங்கருக்கும் இடையே தடுப்பாக ஒரு சாதாரண வேகன், தொலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் உள்ள ஒரு சிறு பெட்டி. நீளம் ஏறக்குறைய 1.4 கி.மீ.; எடை 9,000 டன்னுக்கு மேல்; எண்ணெய் 77 லட்சம் லிட்டர். ஓட்டி வந்தவர் ஒரே ஒருவர். எம்.எம்.ஏ. ஒற்றை ஆளை வைத்து ரயில் ஓட்ட கனடாவின் போக்குவரத்துத் துறை 2012-இல் ஒப்புக்கொண்டது. அப்போது அந்த நாட்டில் இந்த முறையில் ஓட்டியவை இரண்டே நிறுவனங்கள்.

லாக்-மெகான்டிக்கிற்கு சுமார் 11 கி.மீ. முன்னால் நாந்த் என்ற இடம். ஊரைவிட ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தண்டவாளம் ஊரை நோக்கி 1.2 சதவீதம் வரையான சரிவில் இறங்குகிறது. 100 மீட்டருக்கு 1.2 மீட்டர் இறக்கம் என்பது நடந்து போகிறவருக்குத் தெரியவே தெரியாது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு என்பதால், பிரேக் இல்லாத ரயிலுக்கு அதுவே தாராளமாகப் போதும். ஷிஃப்ட் முடிந்த ஓட்டுநர்கள் ரயிலை நாந்த்தில் மெயின் லைனிலேயே நிறுத்திவிட்டுப் போவதும், காலையில் அடுத்தவர் வந்து எடுப்பதும் அங்கே நடைமுறை. பக்கத்திலேயே ஒரு சைடிங், அதாவது ரயில்களை ஒதுக்கி நிறுத்தும் கிளைத் தண்டவாளம், இருந்தது. ஓடிப்போகும் வேகனை வேண்டுமென்றே தடம்புரளச் செய்து நிறுத்தும் தடுப்புக் கருவியும் அந்த சைடிங்கில் இருந்தது. அங்கே வேறு வேகன்கள் நிறுத்தப்பட்டிருந்தன.

மூன்று பிரேக்குகள்

செய்திகளில் பிரேக் என்று ஒற்றைச் சொல்லாக வந்ததுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். இந்த ரயிலில் மூன்று தனித்தனி ஏற்பாடுகள் இருந்தன.

1. ஆட்டோமேட்டிக் ஏர் பிரேக். ரயிலின் முழு நீளத்துக்கும் ஒரு காற்றுக் குழாய் ஓடுகிறது. ஓட்டுநர் அதில் அழுத்தத்தைக் குறைத்தால், ஒவ்வொரு வேகனும் தன் தொட்டியில் சேமித்திருக்கும் காற்றைத் தன் பிரேக் சிலிண்டருக்கு அனுப்பும். பிரேக் கட்டை சக்கரத்தை அழுத்தும். குழாய் அறுந்தாலும் பிரேக் பிடிக்கும். அழுத்தம் சட்டென்று இறங்கினால்தான் வேகனில் உள்ள வால்வு விழித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு, சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் என்ற அளவில் மெல்லக் கசிந்தால் அது கசிவாகவே எடுத்துக்கொள்ளப்பட்டு, பிரேக் பிடிக்காமலே போகலாம்.

2. இன்டிபென்டன்ட் பிரேக். இது இன்ஜின்களுக்கு மட்டுமானது. இதிலும் காற்றுதான், வேலை செய்யும் முறை நேர் எதிர். காற்று இருக்கும்வரை பிடிக்கும், காற்று இறங்கினால் விட்டுவிடும். காற்றைத் தருவது கம்ப்ரஸர். கம்ப்ரஸர் ஓட, இன்ஜின்களில் ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

3. கை பிரேக். ஒவ்வொரு வேகனிலும் இன்ஜினிலும் ஒரு சக்கரமும் சங்கிலியும் இருக்கும். கையால் திருகினால் சங்கிலி இழுபட்டு பிரேக் கட்டை சக்கரத்தோடு அழுந்தும். காற்றும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வண்டிச் சக்கரத்துக்குக் கல் வைப்பது போல, ஒருமுறை போட்டால் மனிதர் வந்து எடுக்கும்வரை நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஏறி இறங்கித் திருக வேண்டும். எவ்வளவு இறுகியது என்பது திருகுபவரின் கைவலுவையும் சங்கிலியின் நிலையையும் பொறுத்தது.

ஆளில்லாமல் நிறுத்தும் ரயிலைக் கை பிரேக் மட்டுமே தாங்க வேண்டும் என்பது கனடாவின் இயக்க விதி. அதைச் சோதித்தும் பார்க்க வேண்டும். கை பிரேக்குகளைப் போட்ட பிறகு காற்று பிரேக்குகள் எல்லாவற்றையும் விடுவித்து, ரயில் அசைகிறதா என்று இன்ஜினால் இழுத்தோ தள்ளியோ பார்ப்பதுதான் அந்தச் சோதனை. அசைந்தால் இன்னும் சில வேகன்களுக்குக் கை பிரேக் போட்டுவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும்.

ஜூலை 5 இரவு நடந்தவை

1. இரவு சுமார் 10.50-க்கு ரயில் நாந்த்தில் நின்றது. ஓட்டுநர் 5 இன்ஜின்கள், கருவிப் பெட்டி, தடுப்பு வேகன் ஆகிய 7 இடங்களில் கை பிரேக் போட்டார். 72 டேங்கர்களில் ஒன்றுக்கும் போடவில்லை.

2. அசைகிறதா என்று சோதித்தபோது இன்ஜின்களின் இன்டிபென்டன்ட் பிரேக்கை விடுவிக்கவில்லை. ரயில் அசையவில்லை. அதைப் பிடித்து நிறுத்தியது பெரும்பாலும் காற்று பிரேக்தான் என்பது சோதனையில் தெரியாமல் போயிற்று.

3. முன் இன்ஜினைக் காற்றுக்காக ஓடவிட்டு மற்ற நான்கையும் அணைத்தார். வேகன்களின் ஆட்டோமேட்டிக் பிரேக்கைப் போடவில்லை. கை பிரேக் போட்ட பிறகு அதைப் போட்டு வைப்பது அந்த நிறுவனத்தின் நடைமுறையில் இல்லை.

4. முன் இன்ஜின் ஏற்கெனவே சரியில்லாமல் இருந்தது. எட்டு மாதங்களுக்கு முன்பு ஒரு பழுதை, தேவையான வலிமையும் உறுதியும் இல்லாத எபாக்ஸிப் பசை போன்ற ஒரு பொருளைக் கொண்டு அவசரமாக ஒட்டுப்போட்டிருந்தார்கள். அந்த ஒட்டு பிய்ந்து, இன்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போசார்ஜருக்குள் இன்ஜின் ஆயில் சேர்ந்து, கரும்புகையும் வெண்புகையுமாக வந்தது. ஓட்டுநர் கட்டுப்பாட்டு அறையில் இதைச் சொன்னார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அவர் டாக்சியில் விடுதிக்குப் போனார்.

5. 11.40 வாக்கில் இன்ஜின் தீப்பிடித்ததாக அழைப்பு வந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து இன்ஜினை நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டித்துத் தீயை அணைத்தார்கள். எரியும் இன்ஜினை அணைப்பதுதான் அவர்களின் முறை. நிறுவனம் அனுப்பி வைத்தவரோ தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவர். இன்ஜின் பற்றி அவருக்குத் தெரியாது. வேறொரு இன்ஜினை ஓடவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் கிளம்பினார்கள்.

6. கம்ப்ரஸர் நின்றது. காற்று மெல்லக் கசிந்தது. மின்சாரம் போனால் தானாகவே முழு பிரேக் போடும் பாதுகாப்புக் கருவி ஒன்று இன்ஜினில் உண்டு. இந்த இன்ஜினின் மின்கம்பி இணைப்பு அப்படிச் செய்யும் விதத்தில் அமைக்கப்படவில்லை.

7. நள்ளிரவு ஒரு மணிக்குச் சற்று முன்பு ரயில் தானாக நகரத் தொடங்கியது. விளக்கும் இல்லை, ஆளும் இல்லை. 1.15 மணிக்கு ஊர் நடுவில் உள்ள வளைவை மணிக்கு சுமார் 105 கி.மீ. வேகத்தில் எட்டியபோது 63 டேங்கர்கள் தடம்புரண்டன.

7, 9, 17

முழு வழக்குக்கும் ஆணிவேர் இந்த மூன்று எண்கள்.

ஓட்டுநர் போட்டவை 7. அந்த நீள ரயிலுக்கு நிறுவனத்தின் சொந்த விதிப்புத்தகம் சொன்ன குறைந்தபட்சம் 9. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் சோதனை செய்து கணக்கிட்டது: அந்தச் சரிவில் அந்த ரயிலைக் கை பிரேக்கால் மட்டும் பிடிக்க குறைந்தது 17 வேண்டும், இறுக்கத்தைப் பொறுத்து 26 வரைகூட வேண்டியிருக்கும். விசைக் கணக்கில் பார்த்தால் தேவைப்பட்டது ஏறத்தாழ 1,46,700 பவுண்டு. அந்த 7 பிரேக்குகளும் சேர்ந்து தந்தது ஏறத்தாழ 48,600 பவுண்டு. மூன்றில் ஒரு பங்கு.

நிறுவனம் சொன்னபடி 9 போட்டிருந்தாலும் காற்று போன பிறகு ரயில் உருண்டிருக்கும் என்பது இதிலிருந்து தெளிவு. ஓட்டுநரின் உண்மையான தவறு எண்ணிக்கையில் இல்லை, சோதனையில் இருக்கிறது. காற்று பிரேக்கை விட்டுவிட்டுச் சோதித்திருந்தால் 7-உம் போதாது, 9-உம் போதாது என்று அங்கேயே தெரிந்திருக்கும். அந்தத் தவறு பெரியது. அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் அப்படிச் செய்வதை யாரும் பார்க்கவில்லை, யாரும் திருத்தவில்லை, அப்படிச் செய்தால் காப்பாற்ற வேறொரு தடுப்பும் இல்லை. இது ஓட்டுநரையும் தாண்டிய கேள்வி. வாரியம் 2014 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை 18 காரணங்களை அடுக்கியது. ஒட்டுப்போட்ட இன்ஜின், மெயின் லைனில் சரிவில் நிறுத்தும் பழக்கம், எம்.எம்.ஏ.வின் பலவீனமான பயிற்சி, காகிதத்தில் மட்டும் பல ஆண்டுகள் கிடந்த அதன் பாதுகாப்பு நிர்வாக முறை, அதை ஆழமாகத் தணிக்கை செய்யாத போக்குவரத்துத் துறை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

இரண்டாவது ஆள் இருந்திருந்தால்? ஊர் மக்களும் தொழிற்சங்கங்களும் முதல் நாளிலிருந்து கேட்ட கேள்வி இது. இன்னொருவர் இருந்திருந்தால் விபத்து நிகழ்ந்திருக்காது என்று உறுதியாக முடிவு கட்ட முடியாது என வாரியம் சொன்னது. இது பலருக்கு ஏமாற்றம் தந்தது. என் பார்வையில் மக்கள் கேட்டதில் நியாயம் அதிகம். சரிவில் 17 வேகன்களுக்குமேல் ஏறி இறங்கி, காற்றை விட்டு, மறுபடி சோதிப்பதை இரவு 11 மணிக்கு ஒற்றை ஆளிடம் ஒப்படைப்பவர்கள், அது முழுமையாக நடக்கும் என்று எதிர்பார்த்திருக்கவே கூடாது.

அந்த எண்ணெய் ஏன் அப்படி எரிந்தது

கச்சா எண்ணெய் என்றால் தார் போலக் கெட்டியாக, தீப்பற்ற நேரமெடுக்கும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. பாக்கன் எண்ணெய் அந்த வகை அல்ல. அது மெல்லியது, எளிதில் ஆவியாகும் வாயுக்கள் கரைந்திருப்பது. வாரியத்தின் ஆய்வகச் சோதனையில் அதன் ஆவியாகும் தன்மை பெட்ரோலை ஒத்திருந்தது.

தீப்பற்றும் திரவங்களை ரயிலில் அனுப்பும்போது அபாயத்தைப் பொறுத்து மூன்று தொகுதிகளில் ஒன்றில் சேர்க்க வேண்டும். ஆவி தீப்பற்றிக்கொள்ளும் வெப்பநிலை 23 டிகிரி செல்சியஸுக்கு மேல் 60 வரை இருந்தால் மூன்றாம் தொகுதி, அதாவது அபாயம் குறைந்தது. 23-க்குக் கீழே இருந்து, கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலை 35-க்கு மேல் இருந்தால் இரண்டாம் தொகுதி. 35 டிகிரியிலேயே அல்லது அதற்கும் முன்பே கொதித்தால் முதல் தொகுதி. லாக்-மெகான்டிக் ரயிலின் ஆவணங்களில் மூன்றாம் தொகுதி என்று இருந்தது. சோதித்தபோது இரண்டாம் தொகுதி என்று தெரிந்தது. ரயிலை ஓட்டியவருக்கும் வழியில் உள்ள ஊர்களுக்கும் தங்களைக் கடந்து போவது என்ன என்பதே சரியாகச் சொல்லப்படவில்லை.

அடுத்தது தொட்டி. டாட்-111 எனப்படும் அந்த வகை டேங்கர்கள் பல பத்தாண்டுகளாக எல்லா வகைத் திரவங்களுக்கும் பயன்பட்டவை. சுவர் எஃகுத் தகடு சுமார் 11 மி.மீ. தடிமன். முனைகளில் கூடுதல் கவசம் இல்லை, வெப்பம் தாங்கும் உறை இல்லை, மேலே உள்ள வால்வுகளுக்கும் கீழே உள்ள வடிகால் வால்வுக்கும் போதிய பாதுகாப்பு இல்லை. தடம்புரண்ட 63 டேங்கர்களில் கிட்டத்தட்ட எல்லாமே கிழிந்தன. ஏறத்தாழ 60 லட்சம் லிட்டர் எண்ணெய் வெளியேறியது. தெருச் சரிவில் ஏரியை நோக்கி ஓடிய எண்ணெய் உடனே பற்றிக்கொண்டது. சாக்கடைக் குழாய்களுக்குள்ளும் இறங்கியது. கோடைகால வெள்ளி இரவு என்பதால் தண்டவாளத்தை ஒட்டிய மதுக்கூடத்தில் கூட்டம் இருந்தது. இறந்தவர்களில் பலர் அங்கிருந்தவர்கள். சுமார் 2,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். எரியாமல் தப்பிய நகர மையக் கட்டடங்களிலும் பெரும்பாலானவற்றை, மண்ணில் ஊறிய எண்ணெய் காரணமாகப் பின்னர் இடித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. ஏறக்குறைய 6,000 பேர் வாழும் ஊரில், இறந்தவர்களில் ஒருவரையாவது அறியாத குடும்பம் இருந்திருக்க வழியில்லை.

கோபம் எங்கே தொடங்கி எங்கே போனது

முதல் சில நாட்களில் கோபத்தைத் தன் மீது இழுத்துக்கொண்டவர் நிறுவனத் தலைவர் எட்வர்டு பர்க்ஹார்ட். அவர் ஊருக்கு வந்தது நான்கு நாட்கள் கழித்து. முதலில் இன்ஜினை அணைத்த தீயணைப்பு வீரர்கள் பக்கம் பேச்சைத் திருப்பினார். ஜூலை 10 அன்று, ஓட்டுநர் கை பிரேக் போட்டதாகச் சொன்னதைத் தான் நம்பவில்லை என்றார். சுற்றி நின்றவர்கள் கூச்சலிட்டார்கள். பிரெஞ்சு மொழி பேசும் ஊரில் அவர் ஆங்கிலத்தில் பேசியதும், வந்த தாமதமும் காரணங்கள்தான். அடிப்படைக் காரணம் வேறு. தீயை அணைத்தவர்கள் பக்கத்து ஊர்த் தன்னார்வலர்கள். அவர்கள் மீது பழி போட்டதை ஊர் பொறுக்கவில்லை.

ஓட்டுநரைப் பற்றிய பேச்சு வேறு மாதிரி இருந்தது. விபத்து நடந்ததும் அவர் விடுதியிலிருந்து ஓடிவந்து, எரியாமல் நின்ற டேங்கர்களைத் தீயிலிருந்து விலக்கும் வேலையில் சேர்ந்துகொண்டார். இது ஊருக்குத் தெரிந்திருந்தது. 2014 மே மாதம் மூன்று ஊழியர்களும் கைவிலங்கோடு லாக்-மெகான்டிக்கில் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, எதிர்பார்த்த ஆத்திரம் அங்கே வெடிக்கவில்லை. பிடிக்க வேண்டியவர்கள் இவர்கள் அல்லர் என்ற குரல்தான் எழுந்தது.

ஆண்டுகள் செல்லச் செல்ல கோபம் மேல்நோக்கிப் போனது. ஒற்றை ஆள் முறைக்கு ஒப்புதல் தந்த அதிகாரிகள் யார்? எச்சரிக்கைகள் இருந்தும் எம்.எம்.ஏ.வை ஓடவிட்டது யார்? எண்ணெய்க்குத் தவறான தொகுதி எண் கொடுத்தது யார்? 2009-இல் 500 வேகன் என்றிருந்த கனடாவின் ரயில் வழிக் கச்சா எண்ணெய்ப் போக்குவரத்து 2013-இல் ஒன்றரை லட்சம் வேகன் அளவுக்கு ஏறியபோது, பழைய தொட்டியும் பழைய பாதையும் தாங்குமா என்று கணக்குப் பார்த்தது யார்? இவற்றுக்கு விடை தேட, அரசிடமிருந்து விலகி நிற்கும் பொது விசாரணை ஆணையம் வேண்டும் என்று உள்ளூர்க் குடிமக்கள் அமைப்பு திரும்பத் திரும்பக் கேட்டது. அந்த ஆணையம் அமைக்கப்படவே இல்லை.

ஜூரி என்ன கேள்விக்கு விடை சொன்னது

மூவர் மீதும் சாட்டப்பட்டது உயிரிழப்புக்குக் காரணமான குற்றவியல் அலட்சியம். கனடாவின் சட்டத்தில் இதை நிரூபிக்க ஒருவர் தவறு செய்தார் என்று காட்டுவது போதாது. அதே இடத்தில் ஒரு பொறுப்பான மனிதர் நடந்துகொள்ளும் விதத்திலிருந்து அவர் வெகுதூரம் விலகினார் என்றும், பிறர் உயிரைப் பற்றிய கவலையே இல்லாமல் நடந்தார் என்றும் நிரூபிக்க வேண்டும். நிறுவனம் பழக்கிய முறையில், நிறுவனம் கொடுத்த பழுதான இன்ஜினோடு, பழுதைச் சொல்லிவிட்டும் போன ஒருவரை அந்தக் கட்டத்துக்குள் அடைக்க 12 பேராலும் முடியவில்லை. ஒன்பது நாட்கள் விவாதித்தார்கள்.

விடுதலை என்றவுடன் எவரும் எதற்கும் பொறுப்பேற்கவில்லை என்று பரவியது சரியல்ல. அடுத்த மாதமே ஓட்டுநரும் வேறு சில ஊழியர்களும் ரயில்வே பாதுகாப்புச் சட்ட மீறலை ஒப்புக்கொண்டார்கள். ஓட்டுநருக்கு ஆறு மாதம், சிறைக்கு வெளியே கழிக்கும் நிபந்தனைத் தண்டனை, மற்றவர்களுக்கு அபராதம். ஏரியையும் ஆற்றையும் மாசுபடுத்தியதற்காக எம்.எம்.ஏ.வுக்கும் அபராதம் விதிக்கப்பட்டது. 47 பேரின் சாவுக்காக நிறுவனத்தின் மீது இருந்த குற்றவியல் வழக்கை மட்டும், அரசுத் தரப்பு 2018 ஏப்ரலில் கைவிட்டது. ஊர் விசாரிக்கக் கேட்டது அந்த வழக்கைத்தான்.

25 மில்லியன் டாலர் காப்பீடு

எம்.எம்.ஏ. விபத்து நடந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் பொறுப்புக் காப்பீடு 25 மில்லியன் கனடிய டாலர். துப்புரவுக்கு மட்டுமே அதைப் போலப் பல மடங்கு தேவைப்பட்டது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் ஊருக்கும் கிடைத்த நிதி, எண்ணெய் நிறுவனங்களும் டேங்கர் உரிமையாளர்களும் காப்பீட்டாளர்களுமாகப் பலர் சேர்ந்து போட்டது. 2015-இல் அது சுமார் 450 மில்லியன் டாலராகச் சேர்ந்தது. கனடியன் பசிபிக் மட்டும் சேர மறுத்தது. மான்ட்ரியலில் ரயில் கைமாறியதோடு தன் பொறுப்பு முடிந்தது என்றது. 2022 டிசம்பரில் கியூபெக் உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

இந்தப் பாடம் சட்டமாக மாறியது. 2015-இல் கனடா, ரயில்வேக்கள் ஏற்றும் அபாயச் சரக்கின் அளவுக்கேற்ப 25 மில்லியன் முதல் 1 பில்லியன் டாலர் வரை காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. காப்பீட்டுக்கு மேற்பட்ட இழப்புக்கான நிதியம் ஒன்றை உண்டாக்கி, கச்சா எண்ணெய் அனுப்புவோரிடம் டன்னுக்கு 1.65 டாலர் வசூலிக்கவும் வழிசெய்தது.

பிற ஊர்கள் பார்த்த விதம்

அதே 2013-இல் அலபாமாவின் ஆலிஸ்வில்லிலும் வடக்கு டகோட்டாவின் காசல்டனிலும், 2014-இல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கிலும், 2015-இல் மேற்கு வர்ஜீனியாவிலும் ஒன்டாரியோவின் கோகாமாவிலும் எண்ணெய் ரயில்கள் எரிந்தன. அங்கெல்லாம் உயிர்ப்பலி இல்லை. ஆனால் தண்டவாளம் ஊருக்குள் ஓடும் நூற்றுக்கணக்கான நகராட்சிகள் விழித்துக்கொண்டன. எந்தச் சரக்கு எங்கள் வழியாகப் போகிறது என்று சொல்லுங்கள் என்பதுதான் பெரும்பாலான ஊர்களின் முதல் கோரிக்கை. கனடாவில் 2013 நவம்பரிலேயே இந்த விவரத்தை நகராட்சிகளுக்குத் தர உத்தரவானது. வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவரில் திட்டமிட்ட பெரிய எண்ணெய் ரயில் முனையத்தை, ஆண்டுக்கணக்கான எதிர்ப்புக்குப் பின் 2018 ஜனவரியில் ஆளுநர் நிராகரித்தார்.

இன்னொரு பக்கம், இதே விபத்தைக் காட்டி எண்ணெய்க்குக் குழாய்தான் பாதுகாப்பு என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். லாக்-மெகான்டிக்கில் அந்த விவாதத்துக்கு வரவேற்பு இல்லை. அவர்கள் கேட்டது பிரேக்கையும் பொறுப்பையும் பற்றி. தங்கள் 47 பேரை வேறொரு திட்டத்துக்கான வாதமாக்குவதைப் பலர் விரும்பவில்லை.

விதிகளில் மாறியது, மாறாதது

1. 2013 ஜூலை 23-ஆம் தேதியே அவசர உத்தரவு வந்தது. அபாயச் சரக்கு ஏற்றிய ரயிலை ஒற்றை ஆள் ஓட்டக் கூடாது. மெயின் லைனில் ஆளில்லாமல் விடக் கூடாது.

2. டாட்-111 டேங்கர்கள் கனடாவில் 2016 நவம்பர் முதல் கச்சா எண்ணெய்க்குப் பயன்படக் கூடாது. புதிய வகையின் தகடு 14 மி.மீ.க்கும் சற்று அதிகம். முனைகளுக்கு முழு உயரக் கவசம், வெப்ப உறை, பாதுகாக்கப்பட்ட வால்வுகள் கட்டாயம்.

3. வடக்கு டகோட்டா 2015 ஏப்ரல் முதல், ஆவி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 13.7 பவுண்டுக்கு (பி.எஸ்.ஐ.) மேல் உள்ள எண்ணெயை அனுப்பத் தடை விதித்தது. வாயுக்களை முன்பே பிரித்துவிட வேண்டும்.

4. எல்லா வேகன்களிலும் ஒரே நொடியில் பிடிக்கும் மின்னணுக் காற்று பிரேக்கை எண்ணெய் ரயில்களுக்கு அமெரிக்கா 2015-இல் கட்டாயமாக்கியது; 2018-இல் செலவைக் காரணம் காட்டித் திரும்பப் பெற்றது.

நான்காவதைவிட எனக்குக் கவலை தருவது கை பிரேக் பற்றியது. 2019 பிப்ரவரி 4 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபீல்டு அருகே, மலைச்சரிவில் அவசர ஏர் பிரேக்கில் நின்றிருந்த தானிய ரயில் கடுங்குளிரில் காற்று கசிந்து தானாக உருண்டது. அதில் இருந்த ஊழியர்கள் மூவரும் இறந்தார்கள். கை பிரேக் போட்டிருக்கவில்லை. மலைச்சரிவில் இப்படி நிற்கும் ரயிலுக்குக் கை பிரேக் கட்டாயம் என்ற உத்தரவு அதற்குப் பிறகுதான் வந்தது. லாக்-மெகான்டிக்கிற்குப் பின் போட்ட விதிகள் ஆளில்லாத ரயிலையும் அபாயச் சரக்கையும் பார்த்தன. காற்றை நம்பிச் சரிவில் நிற்கும் ரயில் என்ற பொதுவான ஆபத்து அப்படியே இருந்தது.

புறவழிப் பாதை: ஊருக்குள் பிளவு

விபத்துக்குப் பிறகு ஊர் ஒருமித்துக் கேட்டது, தண்டவாளம் நகர மையத்தை விட்டுப் போக வேண்டும் என்பதை. ரயிலே வேண்டாம் என்று கேட்கவில்லை. உள்ளூர்த் தொழிற்சாலைகளுக்கு ரயில் தேவை. 2018 மே மாதம் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ 12.5 கி.மீ. புறவழிப் பாதையை அறிவித்தார். மதிப்பீடு 133 மில்லியன் டாலர். மத்திய அரசு 60 சதவீதம், கியூபெக் 40 சதவீதம். செலவு மதிப்பீடு பின்னர் பல மடங்கு ஏறியது.

பாதை போகும் வழி அண்டை ஊர்களான நாந்த், ஃப்ரான்டெனாக் நிலங்கள் வழியாக. சரிவைக் குறைக்க ஆழமாக வெட்டிப் பள்ளம் எடுத்தால் நிலத்தடி நீர் அந்தப் பள்ளத்தில் வடியும். வீட்டுக் கிணறுகளும் சதுப்பு நிலமும் பாதிக்கும் என்பது அங்குள்ளவர்களின் அச்சம். 2023 பிப்ரவரியில் ஃப்ரான்டெனாக்கில் நடந்த வாக்கெடுப்பில் 92 சதவீதத்துக்கு மேற்பட்டோர் எதிராக வாக்களித்தார்கள். இந்தப் பாதையை நடத்துவது இப்போது கனடியன் பசிபிக்கின் வாரிசு நிறுவனம் என்பதால், நிதி ஒப்பந்தத்தில் பங்கேற்க மறுத்த ரயில்வேக்கு மக்கள் பணத்தில் புதிய பாதையா என்ற எரிச்சலும் இதில் கலந்திருக்கிறது.

இரு தரப்பிலும் அந்த இரவில் உறவினரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே எதிர்ப்பவர்களை நன்றியற்றவர்கள் என்றோ, ஆதரிப்பவர்களைப் பழையதை விடாதவர்கள் என்றோ எழுதும் செய்திகள் தவறு. இரண்டு தரப்புக்கும் ஒத்துப்போகும் சில கோரிக்கைகள் உண்டு. அவற்றுக்குப் புறவழி தேவையில்லை. நாந்த் சரிவில் எந்தச் சரக்கு ரயிலையும் மெயின் லைனில் நிறுத்தாமல் இருப்பது, நிறுத்தும் சைடிங்குகளில் தடுப்புக் கருவியைச் சரியாகப் பராமரிப்பது, ஊர் வளைவுக்கான வேக வரம்பை மீறாமல் கண்காணிப்பது, பாதை ஆய்வு அறிக்கைகளை ஊராட்சிகளுக்குத் தருவது. இவற்றின் செலவு பில்லியன் கணக்கில் வராது. ஒரு போக்குவரத்து அமைச்சர் கையெழுத்திட்டால் நடைமுறைக்கு வந்துவிடும்.